உங்கள் டெஸ்க்டாப் செயலியை எங்கே சேர்ப்பது? கேடிஇ, க்னோம் சர்க்கிள், ஃபிளாட்ஹப், டெபியன்

லினக்ஸ் டெஸ்க்டாப்புக்கு ஒரு செயலி எழுதிவிட்டீர்கள். நிரல் கிட்ஹப்பில் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாத சிலரும் அதைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்டார்கள். இனி அதை ஒரு கட்டற்ற மென்பொருள் சமூகத்தில் சேர்க்கலாமா என்ற யோசனை வருகிறது. பலரும் "க்யூட்டியா, ஜிடிகேயா" என்றுதான், அதாவது சாளரமும் பொத்தானும் வரையும் டூல்கிட் எது என்றுதான், இதைப் பேசத் தொடங்குவார்கள். எழுதி முடித்த செயலிக்கு அந்த விடை ஏற்கெனவே நிரலிலேயே இருக்கிறது. மீதமிருக்கும் கேள்வி கடினமானது: நிரலில் கைவைக்கும் உரிமை யாருக்கெல்லாம் இருக்க வேண்டும், நாளை உங்களுக்கு நேரமில்லாமல் போனால் அதை யார் தொடர்வது? கீழே உள்ள வழிகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிவது இந்த இடத்தில்தான். கேடிஇயும் க்னோமும் லினக்ஸ் டெஸ்க்டாப்பை உருவாக்கும் சமூகங்கள்; சர்க்கிள், வெளிச் செயலிகளை க்னோம் அங்கீகரிக்கும் திட்டம்; ஃபிளாட்ஹப், செயலிகளைப் பயனரிடம் சேர்க்கும் இணையத்தளம்; டெபியன், ஒரு லினக்ஸ் வழங்கல்.

முதலில் அடையாளப் பெயர்

எந்த வழியில் போனாலும் செயலியின் அடையாளப் பெயரை, அதாவது ஆப் ஐடியை, முதலில் உறுதிசெய்ய வேண்டும். இணைய முகவரியைத் தலைகீழாக எழுதும் முறை அது. குறைந்தது மூன்று பகுதிகள் இருக்கும். உங்களுக்குச் சொந்தமான முகவரி இருந்தால் அதை வைக்கலாம், கிட்ஹப்பில் இருந்தால் கிட்ஹப் பயனர்பெயரை வைத்து அமைக்கலாம். கேடிஇயின் முன்னொட்டை அந்தச் சமூகத்தில் சேர்ந்த பிறகே வைக்க முடியும். க்னோமின் முன்னொட்டு க்னோமின் அதிகாரபூர்வ செயலிகளுக்கு உரியது. சர்க்கிளில் சேர்ந்தாலும் அது தானாகக் கிடைத்துவிடாது.

இதைப் பிறகு மாற்றுவது ஏன் வலிக்கிறது என்றால், டெஸ்க்டாப் கோப்பு, ஐகான் கோப்பு, செயலியை விவரிக்கும் மெட்டாஇன்ஃபோ கோப்பு, செயலிகள் தமக்குள் பேசப் பயன்படும் டிபஸ் பெயர், பயனரின் அமைப்புகளை வரையறுக்கும் ஜிசெட்டிங்ஸ் ஸ்கீமா என எல்லாவற்றிலும் அதே பெயர்தான் ஓடுகிறது. ஸ்கீமா பெயர் மாறினால், பழைய மதிப்புகளைப் படித்துப் புதிய இடத்தில் எழுதும் நிரலை நீங்கள் சேர்க்காதவரை பயனரின் அமைப்புகள் போய்விடும். ஃபிளாட்ஹப்பில் பெயர் மாற்றம் என்றால் புதிய செயலியாக மறுபடி விண்ணப்பிக்க வேண்டும். பழையதை முடித்துவைத்து, பயனர்களைப் புதிய பெயருக்குத் திருப்பிவிட வேண்டும். ஒரு வருடத்துக்குள் கேடிஇக்குப் போகும் எண்ணம் உறுதியாக இருந்தால், ஃபிளாட்ஹப்பில் வெளியிடுவதைச் சற்றுத் தள்ளிவைத்துவிட்டு முதலில் கேடிஇயிலேயே சேர்வது நல்லது.

கேடிஇ: உரிமையைப் பகிர்ந்துகொள்ளத் தயாரா?

கேடிஇ 1996இல் தொடங்கியது. ஒரு செயலி கேடிஇ திட்டமாக ஆவதற்கான நிபந்தனைகளை அதன் கொள்கை அறிக்கை வரையறுக்கிறது. அவற்றில் முக்கியமானது ஒன்று: கேடிஇ பங்களிப்பாளர் கணக்கு வைத்திருக்கும் எல்லோரும் உங்கள் நிரல் இருக்கும் களஞ்சியத்தில் எழுதலாம். "என் செயலி, நான் அனுமதித்தவர்கள் மட்டும்" என்ற ஏற்பாடு அங்கே இல்லை. பெரிய மாற்றங்களை மெர்ஜ் ரிக்வெஸ்டாக, அதாவது சேர்க்கும் முன் பிறர் பார்க்கும் கோரிக்கையாக, அனுப்பிக் கருத்துக் கேட்பதே வழக்கம் என்பதால், முன்பின் தெரியாதவர்கள் வந்து நிரலைப் புரட்டிப்போடுவது நடைமுறையில் நடப்பதில்லை. ஆனால் க்யூட்டியின் புதிய பதிப்பில் ஒரு செயல்கூறு கைவிடப்பட்டால், உங்களைக் கேட்காமலே யாரோ ஒருவர் அதைச் சரிசெய்துவிட்டுப் போவார். இரண்டு வருடம் நீங்கள் வராவிட்டாலும் செயலி கம்பைல் ஆகிக்கொண்டிருப்பதன் ரகசியம் அதுதான். இதை இழப்பாகக் கருதுபவர்கள் கேடிஇக்கு வர வேண்டாம். வந்த பிறகு அவர்களுக்கும் வருத்தம், மற்றவர்களுக்கும் வருத்தம்.

நுழைவதற்கு இரண்டு பாதைகள். வெளியே ஏற்கெனவே வளர்ந்த திட்டத்துக்கு இன்குபேட்டர் இருக்கிறது: கேடிஇயில் ஏற்கெனவே பங்களித்துவரும் ஒருவர் உங்களுக்கு ஸ்பான்சராக நின்று வழிகாட்டுவார். புதிதாகத் தொடங்கும் செயலி என்றால் கேடிஇயின் கிட்லேப் தளத்தில் விளையாட்டுக் களமாக ஒரு களஞ்சியம் தொடங்கி, அங்கேயே வளர்க்கலாம். இரண்டு பாதையும் கடைசியில் கேடிஇ ரிவ்யூ என்ற கட்டத்தில் சேரும். குறைந்தது இரண்டு வாரம் நிரல் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படும்; வரும் குறைகளைத் தீர்த்த பிறகுதான் வெளியீடு. ஸ்பான்சர் கிடைக்காமல் நிற்பதுதான் பெரும்பாலும் முதல் தடங்கல். அறிமுகமே இல்லாமல் "என் செயலிக்கு ஸ்பான்சர் வேண்டும்" என்று கேட்பதைவிட, அதே துறையைச் சேர்ந்த ஒரு கேடிஇ செயலிக்கு இரண்டு மூன்று திருத்தங்கள் அனுப்பிவிட்டுக் கேட்டால் ஆள் கிடைப்பார். டெவலப்பர் கணக்கு கேட்கும்போதும் உங்கள் வேலையைப் பார்த்த ஒருவரின் பரிந்துரை தேவைப்படும்.

ரிவ்யூவில் அடிக்கடி சிக்குபவை இவை. உரிமம்: ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் அதன் உரிமத்தைச் சொல்லும் எஸ்பிடிஎக்ஸ் குறிப்பு இருக்க வேண்டும். ஜிபிஎல் உரிமம் வைத்திருந்தால் "அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு" என்று எழுதியிருந்தால் பிரச்சினையில்லை. "2ஆம் பதிப்பு மட்டும்" என்று எழுதி, அதற்குள் பத்துப் பேர் பங்களித்திருந்தால், பத்துப் பேரிடமும் சம்மதம் வாங்க வேண்டியிருக்கும். ஆகவே கேடிஇயை மனதில் வைத்திருப்பவர்கள் முதல் வெளிப் பங்களிப்பு வரும் முன்பே இதைச் சரிசெய்துவிட வேண்டும். எங்கிருந்தோ எடுத்துப்போட்ட ஐகானுக்கும் ஒலிக்கும் உரிமம் கேட்பார்கள்.

அடுத்தது மொழிபெயர்ப்பு. இது கேடிஇயின் மிகப் பெரிய பலம், அதே சமயம் புதியவர்கள் அதிகம் தவறும் இடமும் கூட. மொழிபெயர்க்க வேண்டிய வரிகளை ஸ்கிரிப்டி என்ற தானியங்கி நாள்தோறும் திரட்டுகிறது. மொழிக் குழுக்கள் தனிக் களஞ்சியத்தில் மொழிபெயர்க்கின்றன. முடிந்தவற்றைத் தானியங்கியே உங்கள் களஞ்சியத்துக்குத் திருப்பி எழுதுகிறது. மொழிபெயர்ப்புகள் இருக்கும் பிஓ கோப்பை நீங்கள் தொடவே கூடாது. இதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, வரிகளைத் திரட்டும் சிறு ஸ்கிரிப்ட் ஒன்றை வைப்பது மட்டும். அந்த ஸ்கிரிப்டில் கொடுக்கும் கோப்பின் பெயரும், நிரலில் கொடுக்கும் மொழிபெயர்ப்பு டொமைன் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். வேறுபட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. மொழிபெயர்ப்பு நூறு சதவீதம் முடிந்திருந்தும் திரையில் ஆங்கிலமே நிற்கும். டொமைனை க்யூட்டியின் அப்ளிகேஷன் ஆப்ஜெக்ட்டை உருவாக்கிய பிறகே அமைக்க வேண்டும் என்பதும் இதோடு சேர்ந்தது. தமிழுக்கு வரும்போது இன்னொன்று: "கோப்புகள்", "இல்", "உள்ளன" என்று துண்டு துண்டாக எழுதிக் கூட்டல் குறியால் ஒட்டும் வாக்கியம் தமிழில் ஒருபோதும் சரியாக வராது. வினை கடைசியில் வரும் மொழிக்கு முழு வாக்கியத்தையும் ஒரே வரியாகக் கொடுத்து, இடைவரும் மதிப்புகளுக்கு எண்ணிட்ட இடக்குறிகளை வைத்தாக வேண்டும்.

தானியங்கிச் சோதனைகளுக்கு கேடிஇயின் ஆயத்த வார்ப்புருக்களே போதும். லினக்ஸ், ஃபிரீபிஎஸ்டி, விண்டோஸ், ஆண்ட்ராய்டு என வேண்டியவற்றைத் தேர்ந்துகொள்ளலாம். லினக்ஸில் மட்டும் இருக்கும் ஹெடர் கோப்பை நம்பி எழுதியிருந்தால் ஃபிரீபிஎஸ்டி பில்டு உடனே காட்டிக்கொடுக்கும். கிராஃப்ட் என்ற கருவி வழியாக விண்டோஸுக்கும் மேக்குக்கும் நிறுவிகள் உருவாக்கலாம். தனி ஆளாக இதை அமைத்துப் பராமரிக்க எத்தனை வார இறுதிகள் போகும் என்பது செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும். என் கணிப்பில், விண்டோஸ் பயனர்களையும் எட்ட நினைக்கும் க்யூட்டி செயலிக்கு இந்த ஒரு காரணமே போதும்.

வெளியீட்டை, கேடிஇ செயலிகள் பல ஒன்றாக வெளிவரும் கேடிஇ கியர் தொகுப்போடு இணைத்துவிடலாம். ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் என வருடத்துக்கு மூன்று பெரிய வெளியீடுகள். நிரலைச் சுருக்கிக் கட்டிய டார்பாலை உருவாக்கிக் கையொப்பமிடும் வேலை வெளியீட்டுக் குழுவினுடையது. அதற்கு விலை, குறித்த தேதிக்குப் பின் புதிய வசதியோ மொழிபெயர்க்க வேண்டிய புதிய வரியோ சேர்க்க முடியாது. கிருதா, டிஜிகேம் போன்றவை தங்கள் கால அட்டவணையிலேயே போகின்றன, அதற்கும் தடையில்லை. அப்போது டார்பால் உருவாக்குவதும் கையொப்பமிடுவதும் பதிவேற்றக் கோருவதும் உங்கள் பொறுப்பு. முதல் வருடம் தனியாக வெளியிட்டு, மாற்றங்கள் அடங்கிய பிறகு கியரில் சேர்வது பெரும்பாலான செயலிகளுக்குப் பொருந்தும்.

கேடிஇ ஃபிரேம்வொர்க்ஸ் நூலகங்களைப் பயன்படுத்தியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஜிடிகேயில் தொடங்கிய ஜிகாம்ப்ரி என்ற சிறுவர் கல்விச் செயலி 2014இல் க்யூட்டி க்விக்கில் மறுபடி எழுதத் தொடங்கப்பட்டு, இன்று கேடிஇ திட்டமாக இருக்கிறது. பைத்தானுக்கும் ரஸ்ட்டுக்கும் தடையில்லை, ஆனால் மேலே சொன்ன வசதிகள் எல்லாம் சி பிளஸ் பிளஸ் மொழி, சிமேக் பில்டு கருவி என்ற இணைக்காகச் செதுக்கப்பட்டவை. மற்ற மொழிகளில் எழுதியவர்கள் சில இடங்களில் தாங்களே வழி அமைத்துக்கொள்ள வேண்டும்.

க்னோம் சர்க்கிள்: நிரல் உங்களிடமே, தர முத்திரை அவர்களிடம்

2020 நவம்பரில் தொடங்கிய சர்க்கிள் முற்றிலும் வேறு வகை. களஞ்சியம் உங்களிடமே இருக்கும். கிட்ஹப்பிலோ க்னோமின் கிட்லேப்பிலோ எங்கும் வைக்கலாம், யாரை உள்ளே விடுவது என்பதும் உங்கள் முடிவு. அவர்கள் தருவது அங்கீகாரம், விளம்பரம், க்னோம் அறக்கட்டளையில் உறுப்பினராக விண்ணப்பிக்கும் தகுதி. கேட்பது: திறமூல உரிமங்களை அங்கீகரிக்கும் ஓஎஸ்ஐ அமைப்பு ஏற்ற உரிமம், க்னோம் தளத்தின் நூலகங்கள், நடத்தை நெறிகள், பங்களிப்பவரிடமிருந்து பதிப்புரிமையை எழுதி வாங்காமை, எல்லாவற்றுக்கும் மேலாக வடிவமைப்பு நெறிமுறை.

கடைசியாகச் சொன்னதில்தான் விண்ணப்பங்கள் தேங்குகின்றன. சர்க்கிள் வளரும் செயலியை வளர்த்தெடுக்கும் இடம் இல்லை. வளர்ந்து முடிந்ததைச் சேர்க்கும் இடம். ஜிடிகே 4, க்னோமின் தோற்றத்தைத் தரும் லிப்அட்வைட்டா நூலகம் இரண்டிலும் எழுதப்படாத செயலி உள்ளே வருவது கடினம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். சாளரத்தைக் கைப்பேசி அகலத்துக்குச் சுருக்கினால் உள்ளடக்கம் வெட்டுப்படக் கூடாது. எலியைத் தொடாமல் விசைப்பலகையால் எல்லா இடத்துக்கும் போக முடிய வேண்டும். படம் மட்டும் உள்ள பொத்தானுக்கு டூல்டிப்பும், திரைவாசிப்பான் படிக்கும் பெயரும் வேண்டும். இருள் தீமில் நிறங்கள் தெரிய வேண்டும்; நிறத்தைச் சிஎஸ்எஸ்ஸில் நேரடியாக எண்ணாக எழுதியவர்கள் இங்கே மாட்டுவார்கள், பெயரிட்ட நிறங்களைப் பயன்படுத்தியவர்கள் தப்புவார்கள். மதிப்பாய்வு செய்பவர்கள் தன்னார்வலர்கள் என்பதால் காத்திருப்பு நீளும். பராமரிப்பு நின்றுபோன செயலியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவதும் உண்டு.

கேடிஇயோடு ஒப்பிடும்போது இங்குள்ள குறை தொடர்ச்சிதான். நீங்கள் விலகிவிட்டால் வேறு யாரும் உங்கள் கிட்ஹப் களஞ்சியத்தில் கைவைக்க முடியாது. க்னோம் கிட்லேப்பில் வெளிச் செயலிகளுக்கென உள்ள வேர்ல்டு குழுவில் வைத்தால் இது ஓரளவு தீரும். அங்கே வைத்தால் க்னோமின் மொழிபெயர்ப்புத் தளத்தில் செயலியைப் பட்டியலிடலாம். மொழிக் குழுக்கள் முடித்ததை நேரடியாகக் களஞ்சியத்திலேயே சேர்த்துவிடும். கிட்ஹப்பில் வைத்தால் வெப்லேட் போன்ற மொழிபெயர்ப்புத் தளம் ஒன்றை நீங்களே அமைக்க வேண்டும், மொழிபெயர்ப்பாளர்கள் உங்களைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். தமிழ் போன்ற சிறு குழு உள்ள மொழிகள் அங்கே பின்தங்கிவிடும். ஆகவே சர்க்கிளுக்கு விண்ணப்பிக்கும் முன் வேர்ல்டு குழுவுக்கு மாறுவதையே பரிந்துரைப்போம்.

க்னோமின் முதன்மைச் செயலிகளில் ஒன்றாக ஆக வேண்டும் என்ற கனவு தனி விஷயம். 2023 செப்டம்பரில் வந்த க்னோம் 45இல் லூப் பழைய படம்காட்டியின் இடத்துக்கும், ஸ்னாப்ஷாட் பழைய கேமரா செயலியான சீஸின் இடத்துக்கும் வந்தன. இவை க்னோமின் இன்குபேட்டர் குழு வழியாக, இருந்த ஒன்றை மாற்றுவதற்காகவே வந்தவை. புதுவகைச் செயலிக்கு அந்தக் கதவு பொதுவாகத் திறப்பதில்லை.

ஃபிளாட்ஹப்பில் தனியாக

எந்தச் சமூகத்திலும் சேராமல் நேரடியாகப் பயனரிடம் போகும் வழி இது. எலக்ட்ரான், டிகே, தனக்கென ஒரு டூல்கிட் என்று எதில் எழுதியிருந்தாலும் இடமுண்டு. வேலை மூன்று கோப்புகளைச் சுற்றி நடக்கும்: செயலியை எப்படி பில்டு செய்வது என்று சொல்லும் மேனிஃபெஸ்ட், டெஸ்க்டாப் கோப்பு, மெட்டாஇன்ஃபோ. மேனிஃபெஸ்டை உங்கள் கணினியிலேயே, ஃபிளாட்ஹப் வழங்கும் ஃபிளாட்பேக் வகைப் பொதியை உருவாக்கும் ஃபிளாட்பேக் பில்டரில் ஓட்டி, அதோடு வரும் பிழை காட்டும் லின்ட் கருவியில் பிழையின்றித் தேறவைத்துவிட்டு, ஃபிளாட்ஹப்பின் கிட்ஹப் களஞ்சியத்துக்கு புல் ரிக்வெஸ்ட் அனுப்ப வேண்டும். அனுப்பும் கிளையைக் கவனியுங்கள்: புதிய செயலிகளுக்கென்றே தனிக் கிளை இருக்கிறது, மாஸ்டருக்கு அனுப்பினால் மூடிவிடுவார்கள். ஏற்கப்பட்டதும் உங்கள் செயலிக்கெனக் களஞ்சியம் உருவாகும். அதற்கான அழைப்பை ஒரு வாரத்துக்குள் ஏற்க வேண்டும், கிட்ஹப்பில் இரட்டை அடையாளச் சரிபார்ப்பு இயங்கிக்கொண்டிருக்க வேண்டும்.

என்னென்ன தவறும்? முதலாவது, பில்டு நடக்கும்போது இணையம் கிடையாது. நூலகங்களை இறக்கும் பிப், கார்கோ, என்பிஎம் எதுவும் அந்த நேரத்தில் எதையும் இறக்க முடியாது. சார்பு நூலகங்கள் ஒவ்வொன்றையும் முகவரி, கோப்பைச் சரிபார்க்கும் ஷா256 எண் சகிதம் மேனிஃபெஸ்டில் பட்டியலிட வேண்டும். பைத்தானுக்கும் ரஸ்ட்டுக்கும் நோடுக்கும் அந்தப் பட்டியலைத் தானாக உருவாக்கும் ஸ்கிரிப்டுகள் உள்ளன. கையால் எழுத முயலாதீர்கள்.

இரண்டாவது, அனுமதிகள். பயனரின் ஹோம் அடைவு முழுவதற்கும் அனுமதி கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், கேட்பதும் நியாயம். பயனர் தேர்ந்ததை மட்டும் செயலிக்குத் தரும் போர்ட்டல் வழியாகக் கோப்பைத் திறப்பதே வழி. ஆனால் அப்படித் திறக்கும்போது அந்த ஒரு கோப்பு மட்டுமே செயலியின் கண்ணுக்குத் தெரியும். வீடியோவின் பக்கத்திலேயே கிடக்கும் சப்டைட்டில் கோப்பையோ, புகைப்படத்தோடு இருக்கும், அதன் விவரங்களைக் கொண்ட எக்ஸ்எம்பி கோப்பையோ தானாகத் தேடும் செயலிகள் இங்கே அமைதியாகத் தோற்கும். கோப்புக்குப் பதில் அடைவையே திறக்கச் சொல்லி வடிவமைப்பை மாற்றுங்கள், அல்லது வீடியோ, படங்கள் என்று குறிப்பிட்ட அடைவுகளுக்கு மட்டும் அனுமதி கேளுங்கள்.

மூன்றாவது, ரன்டைம், அதாவது செயலி ஓடத் தேவையான பொது நூலகங்களின் தொகுப்பு. ஃப்ரீடெஸ்க்டாப் ரன்டைம் ஆண்டுதோறும் ஆகஸ்டில் வரும், இரண்டு ஆண்டுகள் ஆதரவு பெறும். க்னோம் ரன்டைம் ஆறு மாதத்துக்கு ஒன்று, ஆதரவு சுமார் ஒரு ஆண்டுதான். உங்கள் செயலியில் புதிதாக எதுவும் மாறாவிட்டாலும் வருடம் ஒரு முறையாவது ரன்டைமை உயர்த்திச் சோதித்து வெளியிட வேண்டும். தவறினால் காலாவதியான ரன்டைம் என்ற எச்சரிக்கையைப் பயனர் பார்ப்பார். தனியாகப் போகிறவர்கள் கணக்கில் எடுக்க மறப்பது இந்த ஓயாத சிறு வேலையைத்தான்.

மெட்டாஇன்ஃபோவில் ஒரு சுருக்கமான அறிவுரை: திரைப்பிடிப்புகளின் இணைப்பைக் கிளையின் பெயரோடு கொடுக்காமல், வெளியீட்டைக் குறிக்கும் டேக்கோடு கொடுங்கள், கிளையில் கோப்பை நகர்த்தியதும் படங்கள் காணாமல் போகும். ஒருவரிச் சுருக்கம் 35 எழுத்துகளுக்குள் இருக்கட்டும். வெளியீட்டுக் குறிப்புகளை விடாமல் எழுதுங்கள்.

டெபியன்

நீங்களே உங்கள் செயலியை டெபியனில் சேர்க்க முயல்வதைப் பொதுவாகப் பரிந்துரைக்க மாட்டோம். எண்ணத்தை அறிவிக்கும் ஐடிபி பிழைப்பதிவு, பொதி தயாரிப்பு, பொதியின் குறைகளைத் தேடும் லின்டியன் சோதனை, மென்டர்ஸ் தளத்தில் பதிவேற்றம், ஸ்பான்சர் தேடல், பிறகு ஒவ்வொரு கோப்பின் பதிப்புரிமையும் பார்க்கப்படும் புதிய பொதிகளின் வரிசை. இத்தனையும் கடந்து டெபியனின் முதல் கட்டமான அன்ஸ்டேபிளில் நுழைந்தால் டெஸ்டிங்குக்குப் போகச் சில நாட்கள், ஸ்டேபிளுக்கு அடுத்த பெரிய வெளியீடு வரை காத்திருப்பு. அதன்பின் இரண்டு மூன்று ஆண்டுக்கு முந்தைய பதிப்பில் பயனர்கள் கண்ட பிழைகள் உங்களுக்கு வந்துகொண்டிருக்கும். ரஸ்ட், நோட் செயலியானால் ஒவ்வொரு சார்பு நூலகமும் தனிப் பொதியாக டெபியனில் இருக்க வேண்டும்.

பொதி செய்பவர்கள் தாங்களே தேடி வரும்படி நிரலை வைத்திருப்பது இதைவிடப் பலன் தரும்: டேக் இட்ட வெளியீடுகள், பிற நூலகங்களின் நகலை உள்ளே அடைக்காமை, இணையமின்றி ஓடும் சோதனைகள், தெளிவான உரிமக் கோப்பு. கேடிஇ கியரில் சேர்ந்த செயலியை டெபியனின் கேடிஇ குழு எடுத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம் என்பதும் கேடிஇ பக்கம் சாயும் ஒரு காரணம். விதிவிலக்கு உண்டு: பள்ளி, அரசு அலுவலகம் என ஒரே டெபியன் பதிப்பை ஆண்டுக்கணக்கில் வைத்திருக்கும் இடங்கள்தான் உங்கள் பயனர்கள் என்றால் இந்த உழைப்பு வீணாகாது.

செயலியே தேவைதானா?

இதையும் ஒரு தெரிவாக எண்ணிப் பார்க்க வேண்டும். உங்கள் செயலியின் பயன் முழுவதும் ஒரே ஒரு வசதியில் இருந்தால், அது கேட் எடிட்டருக்குச் செருகுநிரலாகவோ, டால்பின் கோப்பு மேலாளரின் வலதுசொடுக்கு மெனுவாகவோ, ஆவணங்களைக் காட்டும் ஒகுலர் புரிந்துகொள்ளும் புதிய கோப்பு வகையாகவோ போகலாம். சில நூறு வரிகளில் முடியும், முதல் நாளிலிருந்தே பயனர்கள் இருப்பார்கள், வெளியீடும் மொழிபெயர்ப்பும் அந்தச் செயலியின் குழுவினர் பாடு. இன்னொரு குறிப்பேட்டுச் செயலி, இன்னொரு பாட்டுக் கேட்கும் செயலி என்று வரும்போது இந்தக் கேள்வியை நேர்மையாகக் கேட்டுக்கொள்வது நல்லது.

எதைத் தேர்வது

க்யூட்டியில் எழுதியது, பல இயங்குதளங்களில் ஓட வேண்டும், உங்களுக்குப் பின்னும் வாழ வேண்டும் என்றால் கேடிஇ. ஜிடிகே 4இல் எழுதியது, ஒரு வேலையை அழகாகச் செய்வது, வடிவமைப்பில் மற்றவர் சொல்வதைக் கேட்கும் மனம் உண்டு என்றால் முதலில் ஃபிளாட்ஹப், ஓரிரு வெளியீட்டுக்குப் பின் சர்க்கிள். சமூக விதிகளுக்குள் அடங்காத டூல்கிட், அல்லது நிரலின் போக்கைத் தன் கையிலேயே வைத்துக்கொள்ளும் உறுதி இருந்தால் ஃபிளாட்ஹப் மட்டும். ஒரு சமூகத்தில் சேர்வதற்காகவே டூல்கிட்டை மாற்றி எழுதாதீர்கள். மாற்றுவதற்கு வேறு வலுவான காரணம் இருந்தால் மட்டும் மாற்றுங்கள்.

முடிவு எதுவாக இருந்தாலும் இந்த வாரமே செய்யத்தக்க வேலைகள் சில உண்டு. ஆப் ஐடியை உறுதிசெய்யுங்கள். எல்லாக் கோப்புகளுக்கும் எஸ்பிடிஎக்ஸ் குறிப்பு இடுங்கள். மெட்டாஇன்ஃபோவை ஆப்ஸ்ட்ரீம் சரிபார்ப்பானில் தேறவையுங்கள். ஐகானை எஸ்விஜியாக வரைந்து வையுங்கள். எண்ணிட்ட ஒரு வெளியீட்டை டேக்கோடு போடுங்கள். தனியாகப் போகிறவர்கள் கூடுதலாக ஒன்று செய்ய வேண்டும்: நம்பிக்கையான இன்னொருவருக்குக் களஞ்சியத்திலும் ஃபிளாட்ஹப்பிலும் எழுதும் உரிமை கொடுத்து, அவர் கையாலேயே ஒரு சிறு வெளியீட்டை முழுவதுமாகச் செய்யச் சொல்லுங்கள். அவர் எங்கெல்லாம் தடுமாறி உங்களைக் கேட்கிறாரோ, அந்த இடங்களைக் களஞ்சியத்திலேயே வெளியீட்டுக் குறிப்பாக எழுதி வையுங்கள்.